10 மீட்டர் ஏர் பிஸ்டல்: இரண்டு மடங்கு விலை கொடுத்து மொரினி, ஸ்டையர் வாங்கத்தான் வேண்டுமா?

கோவைத்தாய் கேட்டது:

மகளுக்கு 14 வயது. கிளப் பிஸ்டலில் பழகி, இப்போது 60 ஷாட்டுக்கு, 600-க்கு 520, 530 என்று வருகிறது. கிளப்பில் ஒரே பிஸ்டலுக்கு நாலு பேர் காத்திருப்பதால் சொந்தமாக ஒன்று வாங்கியாக வேண்டும். டீலரிடம் விசாரித்ததில் ஹேமர்லி ஏபி20 ஒரு லட்சத்தை ஒட்டிச் சொல்கிறார். மொரினி சிஎம் 162ஈஐ, ஸ்டையர் எவோ 10, வால்தர் எல்பி500 எல்லாமே இரண்டு லட்சத்தைத் தாண்டுகின்றன. எல்லாமே காற்றுச் சிலிண்டர்தான், எல்லாவற்றுக்கும் அதே 4.5 மி.மீ. பெல்லட்தான். அப்படியிருக்க அந்தக் கூடுதல் பணம் எதற்குப் போகிறது?

இன்னொரு வழியும் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் பழைய மொரினியைக் கொடுக்கிறேன் என்கிறார். அதன் சிலிண்டரில் 2017 என்று பொறித்திருக்கிறது. வாங்கலாமா?

பத்தாம்வளையம்:

மேடம், ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேரலுக்காக அந்த இரண்டாவது லட்சத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. பெல்லட் 4.5 மி.மீ. கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், பெல்லட்டின் நடுப்புள்ளி இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் இருந்தால் போதும். ஏபி20-ஐக் கிளாம்பில் பூட்டி நல்ல மேட்ச் பெல்லட் போட்டுச் சுட்டால், ஐந்து ஷாட்டும் சேர்ந்து ஒரே துளையைக் கொஞ்சம் அகலமாக்கும், அவ்வளவுதான். மொரினியும் அதையேதான் செய்யும். 530 சுடுகிறவர் இழக்கும் 70 புள்ளியில் பேரலால் போனது என்று ஒன்றுகூட இருக்காது.

புள்ளி போகிற இடம் வேறு. குறிபார்க்க பிஸ்டலின் முன்னால் இருக்கும் ஃப்ரன்ட் சைட்டுக்கும் பின்னால் பள்ளத்தோடு இருக்கும் ரியர் சைட்டுக்கும் இடையே சுமார் 33 செ.மீ. தூரம். ட்ரிகர் விடுபடும் நொடியில் ஃப்ரன்ட் சைட் அரை மி.மீ. விலகினால் 10 மீட்டரில் அது 15 மி.மீ. விலகலாகிவிடும். வளையத்துக்கு வளையம் 8 மி.மீ. என்பதால் அந்த ஷாட் ஒன்பதின் ஓரத்தில் விழும். மாறாக, சைட்டுகள் நேராக இருந்து கை மொத்தமாக 5 மி.மீ. அசைந்தால் இலக்கிலும் அதே 5 மி.மீ.தான், அது பத்து. ஆகவே கை ஆட்டத்தைவிட, ட்ரிகரை இழுக்கும்போது மணிக்கட்டு திரும்புவதுதான் பெரிய சேதம். அதைக் குறைக்க உதவுபவை இரண்டு: கைக்குப் பொருந்தும் கிரிப், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விடும் ட்ரிகர். விலை உயர்ந்த பிஸ்டலில் நீங்கள் பணம் கொடுப்பது பெரும்பாலும் இவற்றுக்குத்தான்.

அடுத்தது அப்சார்பர். ஸ்டையர், வால்தர், பார்தினி கே12 போன்றவற்றில் சுடும்போது எதிர்த்திசையில் நகர்ந்து அதிர்வை வாங்கிக்கொள்ள ஒரு சிறு எடை வைத்திருப்பார்கள். அரை கிராம் பெல்லட் நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போனால் சுமார் 5.6 ஜூல்தான், அதன் உதைப்பு சின்னது. ஷாட் போன பிறகும் சைட் எங்கே நிற்கிறது என்று கவனிக்கத் தெரிந்தவருக்கு அப்சார்பர் உதவும். 530 நிலையில் ஸ்கோரில் தெரியாது. மொரினி 162-ல் அது இல்லை, அதை வைத்துக்கொண்டுதான் பலர் ஒலிம்பிக் ஃபைனல் வரை போகிறார்கள்.

என் கருத்து: 555, 560 வரைக்கும் ஏபி20 தாராளமாகப் போதும். மிச்சப் பணத்தில் கிரிப், ஒரு ஸ்பேர் சிலிண்டர், வருடத்துக்கு வேண்டிய பெல்லட் வாங்குங்கள். தினம் 60 ஷாட் என்றால் 500 பெல்லட் டின் எட்டு நாளில் காலி. பெல்லட்டில் மிச்சம் பிடிக்கிற குழந்தை பயிற்சியைத்தான் குறைத்துக்கொள்ளும்.

ரேஞ்ச்மதுரை:

பேரல் கணக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். ஏபி20 வாங்கச் சொல்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை. 14 வயதில் 530 சுடுகிற பிள்ளை, ஒழுங்காகப் பயிற்சி எடுத்தால் 560-ஐத் தொட ரொம்ப நாள் ஆகாது. அப்போது மறுபடி பிஸ்டல் மாற்ற வேண்டும். புது ட்ரிகர், புது கிரிப் கோணம், புது பேலன்ஸ். பழகிக்கொள்ளவே ஒரு சீசன் போய்விடும். துவக்க நிலை பிஸ்டலை விற்கும்போது விலையும் நன்றாக இறங்கும். மொரினி, ஸ்டையருக்கு அப்படியில்லை, கேட்கிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள்.

அதனால் அந்தப் பழைய மொரினியைப் பாருங்கள் மேடம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள்.

முதலில் சிலிண்டர். பொதுவாக ஐரோப்பிய மேட்ச் பிஸ்டல் சிலிண்டர்களுக்குத் தயாரித்த தேதியிலிருந்து 10 வருடம் என்பார்கள், சில மாடல்களுக்குக் கூடுதலாகவும் தருகிறார்கள். 10 வருடக் கணக்கில் பார்த்தால் 2017 சிலிண்டர் 2027 வரைதான். தேதி முடிந்த சிலிண்டரைப் போட்டிக்கு முன் கருவிகளைச் சோதிக்கும் எக்விப்மென்ட் கன்ட்ரோலில் திருப்பி அனுப்பலாம். அது ஒருபுறம் இருக்க, 200 பார் அழுத்தம் உங்கள் பிள்ளையின் முகத்துக்கு அருகில் இருக்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். எனவே புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

இரண்டாவது, லீக். 200 பாருக்கு நிரப்பி, சூடு ஆறும்வரை அரை மணி நேரம் விட்டு, மானோமீட்டர் (அழுத்தம் காட்டும் முள்) எங்கே நிற்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரைப் பிஸ்டலில் மாட்டியபடியே மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். முள் இறங்கியிருந்தால் சிலிண்டரைக் கழற்றித் தனியாக வைத்து இன்னொரு நாள் பாருங்கள். தனியாக வைக்கும்போது இறங்கவில்லை என்றால் கோளாறு பிஸ்டலுக்குள் இருக்கும் ஓ-ரிங்கிலோ (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) வால்விலோதான். ஓ-ரிங் என்றால் சின்ன செலவு.

மூன்றாவது, பெல்லட்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வைத்துப் பத்து ஷாட். வேகம் ஒரே அளவில் வர வேண்டும், நொடிக்கு இரண்டு மூன்று மீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. சுடச் சுட வேகம் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ போனால், ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே அழுத்தத்தில் காற்றைக் கொடுக்கும் ரெகுலேட்டரில் பிரச்சினை. அந்தப் பிஸ்டலில் ஷாட்டுகள் மேலும் கீழுமாகச் சிதறும். பிள்ளையோ தன் கை மேல் சந்தேகப்பட ஆரம்பித்துவிடும்.

பேரல் வாய் ஓரத்தில் அடிபட்ட தடம் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். இருந்தால் வேண்டாம்.

கோவைத்தாய்:

இருவருக்கும் நன்றி. 162ஈஐ எலக்ட்ரானிக் ட்ரிகர் என்பதால் இங்கே சிலர் பயமுறுத்துகிறார்கள். பேட்டரி தீர்ந்தால் போட்டி போச்சு, மெக்கானிக்கல்தான் வாங்கு என்கிறார்கள். இன்னொன்று, அவள் கை சின்னது. கிளப் பிஸ்டலில் 40 ஷாட்டுக்கு மேல் மணிக்கட்டு வலிக்கிறது.

ஆர்மரர்சேலம்:

எலக்ட்ரானிக் ட்ரிகரின் நன்மை உண்மையானது. மெக்கானிக்கலில் இரண்டு உலோக விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி விடுபடுகின்றன. தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, தேய்மானம் எல்லாம் அந்த உணர்வை மாற்றும். எலக்ட்ரானிக்கில் விரல் ஒரு ஸ்விட்சை மட்டுமே தொடுகிறது, அதனால் வருடக்கணக்கில் ஒரே மாதிரி இருக்கும். பெல்லட் இல்லாமல் ட்ரிகரை மட்டும் இழுக்கும் டிரை ஃபயர் பயிற்சியும் சுலபம். வீட்டில் சுவரைப் பார்த்து நின்று தினம் செய்ய வேண்டிய பயிற்சி அதுதான்.

பயமும் காரணமில்லாதது அல்ல. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலையில், மனு பாக்கர் தகுதிச் சுற்றில் சுட்டுக்கொண்டிருந்தபோது எலக்ட்ரானிக் ட்ரிகரில் கோளாறு வந்தது. சரிசெய்வதில் பல நிமிடங்கள் போய்விட்டன. மீதி ஷாட்டுகளை அவசரமாக முடித்து 575 எடுத்தார், 12-ஆம் இடம். ஃபைனலுக்கு 577 தேவைப்பட்டது. அதே மனு 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார், ஒன்று தனிநபர் பிரிவில், இன்னொன்று சரப்ஜோத் சிங்குடன் கலப்புப் பிரிவில்.

பேட்டரி ஒரு பிரச்சினையே இல்லை. போட்டிக்கு முந்தின நாள் புதுசு போடுங்கள், பையில் ஒரு செட் இருக்கட்டும். சர்க்யூட், லீவர் இவை போனால்தான் கஷ்டம், ரேஞ்சில் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது. அதனால் விலையைக் கேட்பதற்கு முன்னால் டீலரிடம் வேறொன்றைக் கேளுங்கள்: சர்க்யூட் போர்டு, ஓ-ரிங் செட், லோடிங் லீவர் பாகங்கள் இந்தியாவில் ஸ்டாக் இருக்கிறதா? "ஆர்டர் போட்டால் வரும்" என்றால் மாதக்கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் எதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் இருக்கிறாரோ, அந்த பிராண்டுக்கு நான் கூடுதல் பணம் கொடுப்பேன். எந்த பிராண்ட் என்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

எதை வாங்கினாலும் ட்ரிகர் எடையைக் கவனியுங்கள். விதிப்படி குறைந்தது 500 கிராம். பேரலை மேல்நோக்கி நிறுத்தி, ட்ரிகரில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள். சரியாக 500-இல் வைத்தால் ஒரு நாள் தூக்கும், ஒரு நாள் விட்டுவிடும். 515, 520 வைத்துக்கொள்ளுங்கள். ட்ரிகர் இரண்டு கட்டமாக நகரும்: முதலில் ஒரு தடுப்புவரை வரும், அதன்பின் கொஞ்சம் அழுத்தினால் ஷாட் விடும். அந்த எடையில் முதல் கட்டத்துக்கு 350க்கு மேல் கொடுத்து, மீதியை இரண்டாம் கட்டத்துக்கு வையுங்கள். இரண்டாம் கட்டத்தைக் கனமாக்கினால் பழகாத விரல் கடைசியில் சுண்டி இழுக்கும். ஷாட் விட்டபின் ட்ரிகர் மேலும் பின்னால் போகாமல் நிறுத்தும் ட்ரிகர் ஸ்டாப் ஸ்க்ரூவை மிகவும் நெருக்கி வைப்பதும் தப்பு. ஒரு துளி தூசி சேர்ந்தாலே ட்ரிகர் முழுசாகப் போகாமல் ஷாட் விடாது.

பத்தாம்வளையம்:

மணிக்கட்டு வலிக்குப் பெரும்பாலும் கிரிப்தான் காரணம். கிளப் பிஸ்டல்களில் மீடியம், லார்ஜ்தான் மாட்டியிருக்கும். சின்னக் கைக்கு ஸ்மால் அல்லது எக்ஸ்ட்ரா ஸ்மால் கேளுங்கள். பெரிய கிரிப்பில் விரல் ட்ரிகரை எட்டிப் பிடிக்க, கை பக்கவாட்டில் திரும்பிவிடும். மொரினி, ஸ்டையர் போன்றவற்றில் நீளம் குறைந்த ஷார்ட், காம்பேக்ட் மாடல்களும் உண்டு. முன்பக்கக் கனம் குறைவதால் சிறு பிள்ளைகளுக்கு அவை நல்லவை.

பொருத்தம் பார்க்கும் முறை இது. சுடும் நிலையில் நின்று, கண்ணை மூடிக் கையை உயர்த்தி, மணிக்கட்டைப் பூட்டிய பிறகு கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். ஃப்ரன்ட் சைட் ரியர் சைட் பள்ளத்தின் நடுவில் தானாக நிற்க வேண்டும். எப்போதும் ஒரு பக்கமே ஒதுங்கினால் கிரிப்பை அந்த அச்சில் திருப்பிச் சரிசெய்யுங்கள். எப்போதும் தாழ்ந்தோ உயர்ந்தோ தெரிந்தால் சாய்வு கோணத்தை மாற்றுங்கள். இந்த அட்ஜஸ்ட்மென்ட் விலை உயர்ந்தவற்றில் தாராளமாக இருக்கும், ஏபி20-இல் குறைவு. நான் முதலில் சொன்னதில் இதை மட்டும் திருத்திக்கொள்கிறேன்: இப்போதே வலி இருப்பதால், பழைய மொரினி ரேஞ்ச்மதுரை சொன்ன சோதனைகளைத் தாண்டி, ஸ்மால் கிரிப்பும் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

கிரிப்பில் கை எங்கே அழுத்துகிறது என்று பார்க்க, உள்ளங்கையில் சாக்பீஸ் தூள் தடவிப் பிடிக்கச் சொல்லுங்கள். தூள் அடர்த்தியாக ஒட்டும் இடத்தை 80 நம்பர் உப்புத்தாளால் கொஞ்சமாகத் தேய்த்து, 120-இல் முடியுங்கள். இடைவெளி தெரிகிற இடத்தில் எம்-சீல் வைத்து, அது இறுகும் முன் அவளையே பிடிக்கச் சொல்லுங்கள், கையில் மெல்லிய பிளாஸ்டிக் கவர் போட்டுக்கொண்டு. கிரிப்பின் அடியில் உள்ளங்கையைத் தாங்கும் பாம் ஷெல்ஃபை இறுக்காதீர்கள். கை அதில் உட்கார்ந்தால் போதும், நெரித்தால் 30 ஷாட்டுக்குள் நடுக்கம் வரும். வளர்கிற கை என்பதால் அளவெடுத்துச் செய்யும் தனி கிரிப் இப்போது வேண்டவே வேண்டாம்.

ஆர்மரர்சேலம்:

காற்று நிரப்புவதையும் சொல்லிவிடுகிறேன், பிரிக்க வரும் பிஸ்டல்களில் பாதிக்கு மேல் இதனால்தான் வருகின்றன. வடிகட்டி இல்லாத கம்ப்ரஸரிலிருந்தோ கை பம்பிலிருந்தோ வரும் காற்றில் ஈரம் இருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது சிலிண்டருக்குள் நீராக நின்று, வால்வையும் ரெகுலேட்டரையும் அரிக்கும். டைவிங் டேங்கில் உலர்ந்த காற்றை வாங்கி, அதிலிருந்து மெதுவாக, ஒரு நிமிடமாவது எடுத்து நிரப்புங்கள். வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகி முள் 200 காட்டும், ஆறினதும் இறங்கிவிடும். ஆக்ஸிஜன் சிலிண்டரிலிருந்து ஒருபோதும் நிரப்பக் கூடாது. உள்ளே இருக்கும் கிரீஸோடு சேர்ந்தால் வெடிக்கும்.

4.5 மி.மீ. அளவும் 20 ஜூல் வரையும் உள்ள ஏர் பிஸ்டலுக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. ஆனாலும் பில் நகலும் கிளப் அடையாள அட்டையும் பெட்டிக்குள் எப்போதும் இருக்கட்டும். பழசாக வாங்கினால் விற்பவரிடம் அசல் பில்லையும், விற்றதாகக் கையெழுத்திட்ட கடிதத்தையும் வாங்கிவிடுங்கள். சீரியல் நம்பர் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.