‘துணைத்தூது’ சரியா வருமா? பாராடிப்ளமசிக்கு ஒரு சொல்

வணக்கம்ங்க. போன மடல்ல ஒருத்தர் பாராடிப்ளமசிக்கு, அதாவது ஒரு நாட்டுக்குள்ள இருக்குற மாநிலமோ மாகாணமோ வெளிநாடுகளோட தானே உறவு வெச்சுக்கறதுக்கு, ‘துணைத்தூது’ன்னு வெக்கலாம்னு சொல்லியிருந்தாரு, ரெண்டு நாளா யோசிச்சும் மனசு ஒப்பலைங்க. துணைத்தூதரகம்ங்கற சொல் ஏற்கனவே புழக்கத்துல இருக்கு, அது மத்திய அரசோடது, குழப்பம் வரும். அதை விட, தூதுன்னாலே ஒருத்தர் அனுப்பி இன்னொருத்தர் போறது, குறள்ல 69வது அதிகாரமே அப்படிப் போற ஆளைப் பத்தித்தான். இங்க யாரும் அனுப்பல, மாநிலமோ மாகாணமோ தானே கிளம்பிப் போகுது.

கியூபெக்கை எடுத்துக்குங்க. கனடாவுல ஒரு மாகாணம், 1961லயே பாரிஸ்ல தனக்குன்னு ஆபீஸ் தெறந்துச்சு, 1965ல பிரான்ஸோட கல்வி ஒப்பந்தம் போட்டுச்சு, அதே வருசம் அங்க கல்வி மந்திரியா இருந்த பால் ஜெரின்-லஜுவா, உள்ளுக்குள்ள எங்க அதிகாரத்துல இருக்குற விசயத்துக்கு வெளிநாட்டுலயும் நாங்களே பேசுவோம்ங்கற கருத்தை முன்வெச்சாரு. இதுல ‘துணை’ எங்க வருது? ‘இணை’ன்னு போட்டாலோ ஒட்டாவாவுல இருக்குற கனடா மத்திய அரசுக்குப் போட்டி மாதிரி ஆயிடும்.

நேத்து ஏற்காட்டுல பெரியப்பாகிட்ட இதைச் சொன்னேன், காப்பித் தோட்டத்துல வேலை பார்த்தவரு. கேட்டுட்டு, “அண்ணன் பேர்லயே எழுதிட்டு இருந்த மொய்யை தம்பி தன் பேர்ல எழுதறான், ஆனா பாகம் பிரியல, அதானே?”ன்னாரு. அதேதாங்க. நம்ம ஊர்ல வெளியுறவு ஏழாவது அட்டவணைப்படி மத்தியப் பட்டியல்ல இருக்கு, ஆனாலும் ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்கு தமிழ்நாடு அரசு 10 கோடி குடுத்துச்சு இல்லையா, அது நம்ம பேர்ல எழுதுன மொய்தான்.

அதனால என் பரிந்துரை ‘உறுப்பரசு அயலுறவு’. பாகம் பிரியாம ஒரு நாட்டோட உறுப்பா இருக்குற அரசு, தானே வெச்சுக்குற உறவு. ‘மாநில அயலுறவு’ன்னா நாக்குக்கு சுலபம்தான், ஆனா கியூபெக் மாகாணம், பெல்ஜியத்து ஃபிளாண்டர்ஸை வட்டாரம்னுதான் சொல்லணும், எல்லாத்துக்கும் பொருந்தற மாதிரி ஒண்ணு வேணும்ல. சட்டசபைப் பேச்சுல, பத்திரிகைத் தலைப்புல வெச்சுப் பாருங்க, நீளம்னு தோணுச்சுன்னா சொல்லுங்க.

இன்னொண்ணு, சென்னையும் அமெரிக்காவுல இருக்குற டென்வரும் 1984ல நட்பு நகரங்களா சேர்ந்துச்சே, அதை ‘சகோதரி நகரம்’னு எழுதறாங்க. ‘உறவூர்’னு சொல்லலாமா? நாளைக்கு சேலத்துக்கும் ஒரு உறவூர் கிடைச்சா, மாநகராட்சி போர்டுல எழுதிப் போட வசதியா இருக்கும்.