புரபொசிஷன் 200: ஓட்டுப் போடப் போன இடத்தில் உங்களுக்கு நடந்தது என்ன?

பீனிக்ஸ்_மகன்:
வாக்காளராகப் பதியக் குடியுரிமைச் சான்றும், நேரில் ஓட்டுப் போடப் பெயர், முகவரி உள்ள அடையாளமும் கேட்கும் அரிசோனா சட்டம்தான் புரபொசிஷன் 200 என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2018 நவம்பர். குடியுரிமை கிடைத்தபின் அம்மாவுக்கு முதல் தேர்தல். தபாலில் அனுப்பலாம் என்றேன், கேட்கவில்லை. வரிசையில் நின்று போட்டால்தான் அவருக்கு அது ஓட்டு. கையில் புது அமெரிக்க பாஸ்போர்ட். அதில் முகவரி இல்லை. அம்மா கார் ஓட்டுவதில்லை, அதனால் லைசென்ஸும் கிடையாது. கரன்ட் பில், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் என் பெயரில்.

மேசையில் இருந்த பெண்மணி தன்மையாகத்தான் பேசினார். கண்டிஷனல் ப்ரொவிஷனல் பேலட், அதாவது நிபந்தனையோடு கூடிய தற்காலிக ஓட்டுச்சீட்டு கொடுத்தார். அம்மா நிதானமாகக் குறித்து முடித்தார். மற்றவர்கள் சீட்டை மெஷினில் விட, அம்மாவின் சீட்டை மட்டும் ஓர் உறைக்குள் வைத்து ஒட்டினார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், "எண்ணுவாங்களாடா?" என்று கேட்டார். "எண்ணுவாங்கம்மா" என்றேன்.

5 வேலை நாட்களுக்குள் கவுன்ட்டி தேர்தல் அலுவலகத்தில் அடையாளம் காட்டியிருந்தால்தான் எண்ணியிருப்பார்கள். நாங்கள் போகவில்லை. போனாலும் எதைக் காட்டுவது என்று விட்டுவிட்டேன். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

மெசாவாசி:
எனக்கு 2022ல். கிரீன் கார்டு காலத்து லைசென்ஸை மாற்றாமல் அந்த நம்பரையே எழுதிப் பதிவு செய்துவிட்டேன். அந்த லைசென்ஸ் அவர்கள் கணக்கில் வெளிநாட்டவருடையது. குடியுரிமைச் சான்று கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது, நான் அப்போது ஊருக்குப் போயிருந்தேன்.

தபாலில் வந்த இரண்டு சீட்டுகளையும் சாப்பாட்டு மேசையில் பிரித்தோம். மனைவியுடையதில் கவர்னர், புரபொசிஷன்கள், எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் போர்டு என்று பக்கம் பக்கமாகப் போகிறது. என்னுடையதில் செனட், காங்கிரஸ், அவ்வளவுதான். சான்று கேட்காத ஃபெடரல் வாக்காளர் பதிவுப் படிவத்தை மாநிலம் ஏற்றே ஆக வேண்டும் என்று 2013ல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று தீர்ப்புச் சொன்ன பிறகு வந்த இரட்டை ஏற்பாடு இது: சான்று தராதவர்களுக்கு ஃபெடரல் பதவிகளுக்கு மட்டும் ஓட்டு. இருவரும் ஒரே நாளில், ஒரே மண்டபத்தில் குடியுரிமை உறுதிமொழி எடுத்தவர்கள். மனைவி எதுவும் சொல்லாமல் தன் சீட்டை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அந்த மேசைதான் நினைவில் நிற்கிறது.

டெட்ராய்ட்_ஓரம்:
அரிசோனாக்காரன் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். மிச்சிகனில் அடையாள அட்டை இல்லையென்றால் கையெழுத்துப் போட்டு உறுதி கொடுத்துவிட்டு ஓட்டுப் போடலாம். 2022 புரபோசல் 2 அதை அரசியல் சட்டத்திலேயே சேர்த்தது. பின்னர் அதை மாற்ற, குடியுரிமைச் சான்றும் கேட்கச் சொல்லி மனு வந்தது. அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுவர 4,46,198 கையெழுத்து வேண்டியிருந்தது. கடை வாசலில் கிளிப்போர்டோடு நின்றவர், "குடிமக்கள் மட்டும்தான் ஓட்டுப் போடணும், சரிதானே?" என்று கேட்டார். சரிதான். ஆனால் படிக்க நேரம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இந்த முகத்தை வைத்துக்கொண்டு தயங்கினால் என்ன நினைப்பாரோ என்று பயந்துதான் போட்டேன். சம்மதித்துப் போட்ட கையெழுத்து இல்லை அது.

சாண்ட்லர்_பெரியவர்:
டெட்ராய்ட் தம்பி, பயந்து போட்டேன் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கிளிப்போர்டு நீட்டினால் படித்துப் பார்க்க யாருக்கும் உரிமை உண்டு. புரபொசிஷன் 200க்கு 2004 வாக்கெடுப்பில் 56 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள், நானும் அதில் ஒருவன். ஓட்டுக்கு அடையாளம் கேட்பது தவறில்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. 1996 அக்டோபருக்கு முன் லைசென்ஸ் எடுத்தவர்களில் சுமார் 2,18,000 பேரின் குடியுரிமைச் சான்று பதிவிலேயே இல்லை என்று 2024ல் தெரிந்ததல்லவா? பக்கத்து வீட்டுக்காரர் அதில் ஒருவர், இந்த மாநிலத்திலேயே பிறந்தவர். கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "உன்கிட்டதான் எல்லாப் பேப்பரும் ஒழுங்காக இருக்கும், எப்படி வாங்குவது சொல்லு" என்றார்.

சரி, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மெசாவாசி, நேச்சுரலைசேஷன் சர்டிஃபிகேட் (குடியுரிமை பெற்றதற்கான சான்றிதழ்) எண்ணை எழுத மாநிலப் படிவத்தில் தனிக் கட்டம் இருக்கிறது. லைசென்ஸை நம்பாமல் அதை எழுதுங்கள். லைசென்ஸையும் கையோடு மாற்றிவிடுங்கள், சமூகப் பாதுகாப்பு அலுவலகத்திலும் குடியுரிமையைப் பதியச் சொல்லுங்கள். பெயர் எழுத்துக்கூட்டல் எல்லாவற்றிலும் ஒன்றுதானா என்று பாருங்கள். நம் ஆட்களுக்கு அப்பா பெயர் எங்கே வரும் என்பதிலேயே பாதிச் சிக்கல். கார் ஓட்டாத பெரியவர்களுக்கு மாநில அடையாள அட்டை வாங்கிக் கொடுங்கள். தபால் ஓட்டுக்குக் கையெழுத்தே போதும். அதிலும் அடையாள எண் கேட்க வந்த புரபொசிஷன் 309, 2022ல் கொஞ்ச வித்தியாசத்தில்தான் தோற்றது.

பீனிக்ஸ் தம்பி, பாஸ்போர்ட்டோடு முகவரி உள்ள ஒரு தாள் போதும். அது கரன்ட் பில்லாக இருக்க வேண்டியதில்லை. 'அஃபிஷியல் எலெக்‌ஷன் மெட்டீரியல்' என்று அச்சிட்டு அம்மா பெயருக்குத் தேர்தல் தபால் ஏதாவது வந்திருக்குமே, அதுவே செல்லும்.

பீனிக்ஸ்_மகன்:
ஐயா, வந்திருந்தது. தன் பெயர் போட்டு வந்த முதல் அரசாங்கத் தபால் என்று அம்மா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.