நம் மெயில் ஸ்பாமில் விழுந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

நூல்காரன், திருப்பூர்

மூன்று வருடம் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. பனியன் ஏற்றுமதி யூனிட்டில், பையர்களோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஆர்டர் குறைந்திருந்த சமயம், ஐரோப்பிய பையர்களின் முகவரி என்று ஒருவர் எக்செல் ஃபைல் ஒன்றை விற்றார். 4,000 பேர். வாங்கலாம் என்று முதலாளியிடம் சொன்னது நான்தான். தினமும் பையர்களோடு பேசுகிற அதே டொமைனிலிருந்து (மெயில் முகவரியில் @க்குப் பின்னால் வரும் பெயர்) இரண்டே நாளில் எல்லோருக்கும் அறிமுக மெயில் போட்டோம். கால்வாசி பவுன்ஸ் ஆகித் திரும்பியது. பழைய முகவரிகளாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் எங்கள் பழைய டச்சு பையர் வாட்ஸப்பில் வந்தார். லேப் டிப் (சாயச் சாம்பிள்) போட்டோவும் கூரியர் நம்பரும் ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று கேட்டார். நான் அனுப்பி நாலு நாள் ஆகியிருந்தது. மறுபடி அனுப்பினேன், அதுவும் போய்ச் சேரவில்லை. கடைசியில் வீடியோ காலில் அவர்களுடைய ஐடி ஆள் தன் திரையைக் காட்டினார். சந்தேக மெயில்களை ஒதுக்கி வைக்கும் குவாரன்டைன் பட்டியல். ஒரு லாட்டரி மெயில், ஒரு மாத்திரை விளம்பரம், அதற்குக் கீழே வரிசையாக எங்கள் கம்பெனி பெயர். பதினொரு மெயில். எட்டு வருடப் பழக்கம் எங்களுக்கு. அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உங்களுக்கு நடந்திருந்தால் சொல்லுங்கள். எத்தனை நாளில் சரியானது?

மதுரை டீச்சர்

தம்பி, 4,000 பேருக்கு அனுப்பினோம் என்பதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அந்தப் பக்கம் இருப்பவள் நான்.

என் மகளுக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு அழைப்பு ஸ்பாமில் கிடந்தது. அவள் தினமும் இன்பாக்ஸை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். 9ஆம் தேதி வந்த மெயிலை 14ஆம் தேதி நான்தான் தற்செயலாகத் திறந்தேன். தேர்வு 12ஆம் தேதி முடிந்திருந்தது. அடுப்படியில் நின்றுகொண்டே தேதியைப் படித்தாள். போனை அரிசி டப்பா மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, பாதியில் விட்ட வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்தாள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நீங்கள் கேட்காமல் அனுப்புவதால்தானே மெயில் கம்பெனிகள் சல்லடையை இறுக்குகின்றன? அதில் எங்கள் வீட்டுக் கடிதமும் மாட்டிக்கொள்கிறது.

சர்வர் ரூம், சென்னை

டீச்சரம்மா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் கேட்காமல் ஒரு மெயிலும் அனுப்பாதவர்களும் மாட்டுகிறார்கள்.

சர்வர் வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் கம்பெனி ஒன்றின் சப்போர்ட்டில் இருந்தபோது ஒரு அம்மா அழைத்தார். வீட்டிலிருந்து சேலை விற்கிறவர். அவர் அனுப்பும் ஆர்டர் உறுதி மெயில் எல்லாம் திரும்பி வருகிறது. திரும்பி வந்ததில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். ஆங்கிலம் படிக்கத் தெரியாது, எழுத்து எழுத்தாகச் சொல்கிறேன் என்றார். "அஞ்சு, அஞ்சு, சைபர், ஒரு இடம் விட்டு மறுபடி அஞ்சு, புள்ளி, ஏழு, புள்ளி, ஒன்னு" என்று பொறுமையாக முழு வரியையும் சொன்னார். அவர் மெயில் போகும் சர்வரின் இணைய எண், அதாவது ஐபி முகவரி, தடைப்பட்டியலில் இருக்கிறது என்று அந்த வரிக்கு அர்த்தம். அதே சர்வரில், அதே ஐபியில் இருந்த வேறு யாரோ கடன் விளம்பரம் அனுப்பியிருந்தார். அந்த அம்மா மேல் எந்தத் தப்பும் இல்லை. "நான் என்ன சார் பண்ணேன்" என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

ரிக்கார்டு ராஜா

என் கதை சின்னது. ஒரு டிரஸ்டின் நன்கொடை ரசீதுகள் போகவில்லை. பார்த்தால் டொமைனின் விவரப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் எஸ்பிஎஃப் வரி இரண்டு. டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்வது அது. முன்பு இருந்தவர் ஒன்று போட்டிருக்கிறார், பின்னால் வந்தவர் அதைப் பார்க்காமல் இன்னொன்று. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. ஒன்றாக்கினேன், சரியானது.

நூல்காரன் அண்ணா, முதலில் எஸ்பிஎஃப் பாருங்கள். அப்புறம் டிகேஐஎம். வழியில் யாரும் மெயிலை மாற்றவில்லை என்பதற்கான கையெழுத்து. மூன்றாவது டிமார்க். முதல் இரண்டும் தவறினால் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லிவைப்பது. தொடக்கத்தில் "none" (எதுவும் செய்ய வேண்டாம்) என்று வைத்து, அறிக்கை வர வேண்டிய முகவரியையும் அதில் கொடுத்தால் போதும், யார் உங்கள் பெயரில் அனுப்புகிறார்கள் என்ற அறிக்கை வர ஆரம்பிக்கும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு இந்த மூன்றையும் கட்டாயமாக்கிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000 மெயில் அளவுக்கு அனுப்பினால், ஜிமெயிலைப் பொறுத்தவரை நீங்கள் மொத்தமாக அனுப்புகிறவர். விளம்பர மெயிலில் ஒரே கிளிக்கில் விலகும் வசதி வேண்டும், விலகச் சொன்னவரை இரண்டு நாளுக்குள் நீக்க வேண்டும். 2025 மே மாதம் அவுட்லுக்கும் கிட்டத்தட்ட இதே வழிக்கு வந்தது. சின்ன ஆள்தானே என்று இருந்துவிட வேண்டாம், எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் ஏதாவது ஒன்று எல்லோருக்கும் வேண்டும். முக்கியமானது புகார் அளவு. 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர் "ஸ்பாம்" பட்டனை அழுத்தினாலே ஆபத்து. 0.1க்குக் கீழே இருப்பது நல்லது. கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் இலவசமாகப் பார்க்கலாம். இனி விளம்பரம் அனுப்புவதாக இருந்தால் சப்டொமைன் ஒன்றை, அதாவது உங்கள் டொமைனின் கிளைப் பெயர் ஒன்றை, தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னாள் சேல்ஸ், கோவை

ராஜா, நீங்கள் சொன்னதெல்லாம் சரி. ஆனால் அந்த மூன்றும் அனுப்புகிறவர் யார் என்று மட்டும்தான் காட்டும். அந்த மெயில் யாருக்காவது வேண்டுமா என்பதை அது சொல்லாது. தனி சப்டொமைன் வைத்து அனுப்புங்கள் என்று இவருக்குச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் அதையும் தாண்டிச் செய்தோம்.

கம்பெனி பெயரை ஒத்த 12 டொமைன் வாங்கினார் முதலாளி. எல்லாவற்றிலும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் சுத்தமாக இருந்தன. முதல் வாரம் ஒரு பெட்டியிலிருந்து தினம் பத்து மெயில், அப்புறம் இருபது என்று மெதுவாக ஏற்றினோம். மூன்றாவது வாரம் அத்தனையும் ஸ்பாமுக்குப் போனது. விலைக்கு வாங்கிய பட்டியல்களில் பொறி முகவரிகள் இருக்கும். ஸ்பாம்ஹாஸ் போன்ற தடைப்பட்டியல்காரர்கள் வைத்திருப்பவை, எந்த மனிதரும் பயன்படுத்தாதவை. அதற்கு மெயில் வந்தாலே, அனுமதி கேட்காமல் சேர்த்த பட்டியல் என்று தெரிந்துவிடும்.

நான் அந்த வேலையை விட்டது அதனால் அல்ல. அமெரிக்காவிலிருந்து ஒருவர் பதில் போட்டார். இது என் மனைவியின் முகவரி, அவள் இறந்து இரண்டு வருடம் ஆகிறது, இது நீங்கள் அனுப்பும் நான்காவது மெயில், தயவுசெய்து நிறுத்துங்கள் என்று. அந்த நாலு மெயிலும் நான் போட்டது. நாலாவதில் அந்த அம்மாவின் பெயரைச் சொல்லி, "நலமா?" என்று ஆரம்பித்திருந்தேன்.

நூல்காரன், திருப்பூர்

எல்லோருக்கும் நன்றி. டீச்சரக்கா, நீங்கள் கேட்டது நியாயம்தான். ராஜா சொன்னது மூன்றும் அப்போதே போட்டோம், எங்கள் டச்சு பையரின் ஐடி ஆள் எங்களை அனுமதிப் பட்டியலில் சேர்த்த பிறகுதான் அங்கே மெயில் போனது. கோவைக்காரர் எழுதியதைப் படித்துவிட்டு அந்த எக்செல்லைத் தேடினேன். இன்னும் லேப்டாப்பில்தான் இருந்தது. அழித்துவிட்டேன்.

ஜெர்மன் பையர் ஒருவர் அந்தச் சீசனோடு பதில் போடுவதை நிறுத்தினார். ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். என் மெயில் அவருக்குப் போயிருக்கவே இல்லையோ என்று இப்போது தோன்றுகிறது. திங்கட்கிழமை போன் போட்டுக் கேட்கிறேன்.