சந்தாதாரர் விலகலுக்கு எந்த வகைச் சந்தை ஆய்வு பொருந்தும்?

கேள்வி:
வணக்கம். கணக்கு எழுதும் மென்பொருளை மாதச் சந்தாவுக்கு விற்கும் சிறு நிறுவனத்தில் சந்தைப்படுத்தல் பிரிவைக் கவனித்து வருகிறேன். புதிதாகச் சேருவோர் எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் மூன்றாம் மாதத்தில் புதுப்பிக்காமல் விலகுவோர் ஓராண்டாகக் கூடிக்கொண்டே போகிறார்கள். ஆயிரம் பேரிடம் சர்வே எடுத்துவிடலாம் என்கிறார் எங்கள் இயக்குநர். நாங்கள் அணுகிய ஆய்வு நிறுவனமோ, எட்டெட்டுப் பேராக நான்கு குழு விவாதங்கள் போதும் என்கிறது. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில் 1:
இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம் என்பேன். விலகல் கூடுவது உங்களுக்குத் தெரியும். ஏன் என்பதுதான் தெரியவில்லை. காரணம் தெரியாமல் வினாப்பட்டியல் தயாரித்தால், நீங்கள் ஊகித்த காரணங்கள் மட்டுமே அதில் விடைகளாக இடம்பெறும்; ஊகிக்காத காரணம், ஆயிரம் பேரைக் கேட்டாலும் ‘மற்றவை’ என்ற கட்டத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். எனவே முதலில் தேவைப்படுவது தேடல் வகை ஆய்வு, அதாவது என்னென்ன காரணங்கள் இருக்கின்றன என்று கண்டறியும் ஆய்வு. அதற்கும் குழு விவாதம் ஏற்றதன்று. மென்பொருள் புரியாமல் விட்டுவிட்டவர் அதை ஏழு பேர் முன்னிலையில் ஒப்புக்கொள்ளத் தயங்குவார். கையிலுள்ள பயன்பாட்டுப் பதிவுகளையும் உதவி கேட்டு வந்த கடிதங்களையும் படித்துவிட்டு, விலகியவர்களில் பத்துப் பன்னிரண்டு பேரிடம் தனித்தனியாகப் பேசுங்கள்.

பதில் 2:
உடன்படுகிறேன், ஆனால் ஓர் எச்சரிக்கை. பன்னிரண்டு பேரில் ஏழு பேர் ஒன்றைச் சொன்னால், அடுத்த கூட்டத்திலேயே அது ‘58 விழுக்காடு’ ஆகிவிடும். நேர்காணல் காரணங்களைக் காட்டுமே தவிர, அவற்றின் அளவைக் காட்டாது. அளவு தெரிந்தால்தான் முடிவெடுக்க முடியும் என்றால் பிறகு விவரண ஆய்வுக்கு, அதாவது எந்தக் காரணம் எத்தனை பேருக்கு என்று அளக்கும் ஆய்வுக்குப் போகலாம். அதற்கும் ஆயிரம் பேர் தேவையில்லை. சீரற்ற முறையில், குலுக்கல் போலத் தேர்ந்த 385 பேர் விடையளித்தாலே, 95 விழுக்காடு நம்பக மட்டத்தில் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 5 விழுக்காட்டுக்குள் நிற்கும்; அதாவது இப்படி நூறு முறை கேட்டால், ஏறத்தாழ 95 முறை உண்மை அளவு கிடைத்த விடையிலிருந்து அந்த இடைவெளிக்குள் இருக்கும். நாலாயிரம் பேருக்கு அனுப்பி, விருப்பப்பட்ட 385 பேர் மட்டும் விடையளிப்பது வேறு. விலகியவர்கள் கடிதத்தைத் திறப்பதே அரிது.

எண்ணிக்கை பெரிதானால் கேள்வி சரியாகிவிடாது. 1985-இல் கோக்க கோலா நிறுவனம் ஏறத்தாழ 2 லட்சம் பேரிடம் சுவைச் சோதனை நடத்திய பிறகே புதிய கோக்கை வெளியிட்டது. 79 நாள்களில் பழையதைத் திரும்பக் கொண்டுவர நேர்ந்தது. எது சுவையாக இருக்கிறது என்பதற்கு விடை கிடைத்தது. பழையதை எடுத்துவிட்டால் மக்கள் எப்படி உணர்வார்கள் என்பது அந்தச் சோதனைக்குள் வரவில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஒரு செய்தியை விட்டுவிட்டேன். விலகும்போது நிரப்பும் படிவத்தில் பெரும்பாலோர் ‘விலை அதிகம்’ என்பதையே குறித்திருப்பதால், கட்டணத்தைக் குறைக்கும் பேச்சு இங்கே தொடங்கிவிட்டது. இன்று அந்தப் படிவத்தைத் திறந்து பார்த்தேன்: பட்டியலில் முதலில் நிற்பது அந்த விடைதான்.

பதில் 3:
அப்படியானால் அது விலையைப் பற்றிய சான்றாகாது. சீக்கிரம் படிவத்தை முடித்துவிட்டு வெளியேற நினைப்பவர் முதல் வரியைத் தொட்டுவிட்டுப் போவது இயல்பு. விடைகளின் வரிசை ஒவ்வொருவருக்கும் மாறி வருமாறு செய்யுங்கள், செலவே இல்லை. கட்டணத்தைக் குறைத்தால் விலகல் குறையுமா என்பதோ காரண காரியக் கேள்வி. அதற்குச் சோதனைதான் வழி. புதிதாகச் சேருவோரைச் சீரற்ற முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் குறைந்த கட்டணம் வைத்து, இரு பக்கமும் மூன்றாம் மாதம் முடியும்வரை காத்திருங்கள். நடுவில் வேறு எதையும் மாற்றினால், இரு பாதிக்கும் ஒரே நாளில் மாற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்:
வரிசையை இன்றே மாற்றச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் முதல் நேர்காணல்கள். சர்வேயைத் தள்ளிவைக்க இயக்குநர் அரை மனத்தோடு சம்மதித்திருக்கிறார்.