சுகாதாரப் புரிதலை அளக்கும் தமிழ் வினாத்தாள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். முதுகலை ஆய்வுக்காக, சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்க வருபவர்கள் மருத்துவத் தகவலை எவ்வளவு புரிந்து பயன்படுத்துகிறார்கள் என்று அளக்க வேண்டும். சரியான கருவிதான் அமையவில்லை.

ரியால்ம் (REALM) என்ற ஆங்கிலச் சோதனையில் 66 மருத்துவச் சொற்களை வாசிக்கச் சொல்வார்கள். ஆங்கிலத்துக்குச் சரி. தமிழில் எழுத்துக்கூட்டத் தெரிந்தவர் ‘சிறுநீரகச் செயலிழப்பு’ என்பதைப் பொருள் தெரியாமலே தடுமாறாமல் வாசித்துவிடுவார்! நியூவஸ்ட் வைட்டல் சைன் என்ற இன்னொரு சோதனையில் 6 கேள்விகள்தான், சீக்கிரம் முடியும். ஆனால் எல்லாமே ஐஸ்கிரீம் டப்பாவின் சத்துப் பட்டியலை வைத்துத்தான், பெரும்பாலும் கணக்கு. சர்க்கரை நோயாளியிடம் போய் ஐஸ்கிரீமா? மருந்துச் சீட்டில் உள்ள ‘1-0-1’ஐ (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) காட்டி, எப்போதெல்லாம் போடுவீர்கள் என்று ஒரு அம்மாவிடம் கேட்டேன். “வெள்ளை காலையில, மஞ்சள் ராத்திரி” என்றார். சீட்டைப் பார்க்கவே இல்லை. இதற்கு எத்தனை மதிப்பெண்?

ஐரோப்பிய சுகாதாரப் புரிதல் வினாத்தாளின் (HLS-EU) 47 கேள்விகளையோ, அதன் 16 கேள்விச் சுருக்கத்தையோ தமிழில் யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? அனுமதி யாரிடம் வாங்கினீர்கள்? எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் வாய்மொழியாகக் கேட்டால் மதிப்பெண் செல்லுமா? அப்புறம், மாத்திரைச் சீட்டை வைத்து நானே கேள்விகள் தயாரித்தால் நம்பகத்தன்மையைச் சோதிக்கும் வழியையும் சொல்லுங்கள். அடுத்த மாதம் நெறிமுறைக் குழுவில் வைக்க வேண்டும்.