கொத்தமல்லி, புதினா, பேசில்: கட்டை எடுக்கும்போது எதைப் பார்ப்பது?

அடுப்படி:
கடையில் பார்க்கும்போது கட்டு பச்சைப்பசேலென்று நிற்கிறது. வீட்டில் இரண்டாம் நாள் பிரித்தால் மேலே நல்ல இலை, நடுவில் கொழகொழவென்று அழுகல். கொத்தமல்லியில்தான் இது அடிக்கடி. புதினா காம்போடு கறுக்கிறது. பேசிலை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாளே கருந்திட்டு. எடுக்கும்போதே தப்பா, வைக்கிற விதம் தப்பா? டப்பாவில் அடைத்தது, தொட்டியோடு விற்பது, இதில் எது தேவலை?

பச்சைக்காம்பு:
கொத்தமல்லி எடுக்கும்போதே தப்பு, பேசில் வைக்கும்போது தப்பு. புதினாவில் இரண்டும் கொஞ்சம்.

இலை நுனியை வைத்து முடிவு பண்ணாதீர்கள். தண்ணீர் தெளித்து வைத்தால் பழைய கட்டும் கொஞ்ச நேரம் நிமிர்ந்துதான் நிற்கும். பார்க்க வேண்டியது கயிறோ ரப்பர் பேண்டோ இறுக்கியிருக்கும் இடம். தெளித்த தண்ணீர் அங்கேதான் தேங்கும், காற்றும் போகாது, காம்பு நசுங்கியும் இருக்கும். அழுகல் அங்கே தொடங்கி மேலே ஏறும். கட்டைக் கவிழ்த்து, அந்த இடத்தில் இரண்டு காம்பை விலக்கிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி ஊறிப்போன கரும்பச்சை தெரிந்தாலோ விரலில் வழவழவென்று ஒட்டினாலோ கீழே வைத்துவிடுங்கள். அந்த இடத்தை மோந்தாலும் தெரிந்துவிடும். புளித்த நாற்றம் இலையில் வருவதற்கு முன்பே காம்பில் வரும்.

அடுத்தது வெட்டுவாய். வெளிர்பச்சையும் ஈரமுமாக இருந்தால் வெட்டி அதிக நேரம் ஆகவில்லை. பழுப்பேறி, காய்ந்து, வாய் பிளந்திருந்தால் பழசு. வேரோடு வரும் கொத்தமல்லியில் வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்க வேண்டும். ஒரு காம்பை வளைத்தால் சடக்கென்று முறிய வேண்டும். ரப்பர் மாதிரி வளைந்து கொடுத்தால் நீர் வற்றிவிட்டது என்று அர்த்தம்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்: வாடல் வேறு, அழுகல் வேறு. வாடியது வெறும் நீர்க்குறைவு. காம்பு நுனியை ஒரு செ.மீ. நறுக்கிவிட்டுக் குளிர்ந்த நீரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் நிறுத்தினால் பெரும்பாலும் எழுந்துவிடும். மஞ்சளானதும் வழவழத்ததும் திரும்பாது. கடையில் இருப்பது இரண்டே கட்டு, ஒன்று தொங்கிப்போய் உலர்வாக, இன்னொன்று நிமிர்ந்து சொட்டச் சொட்ட ஈரமாக என்றால், நான் எடுப்பது தொங்கிப்போனதை.

கொத்தமல்லியில் நடுத்தண்டு தடித்து, மேலிலைகள் நூல் நூலாகப் பிரிந்திருந்தால் செடி பூக்கத் தயாராகிவிட்டது. கெட்டுப்போனதல்ல, ஆனால் தழை மணம் மாறியிருக்கும், கழிவும் அதிகம்.

தாளிப்பு:
மேலே சொன்னதோடு பூச்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இலையின் மேல் வெள்ளைக் கோடு பாம்பு மாதிரி நெளிந்து போனால் உள்ளே புழு குடைந்திருக்கிறது. அந்த இலைகளைக் கிள்ளிப் போட்டால் போதும், கட்டையே ஒதுக்க வேண்டாம். இலையைத் திருப்பினால் அடியில் பிசுபிசுப்போடு அசுவினி (சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி), அல்லது மெல்லிய வலை தெரிந்தால் மட்டும் வேண்டாம். அது கட்டு முழுக்க இருக்கும்.

பேசில் குளிர் தாங்காத செடி. ஏறக்குறைய 10 டிகிரிக்குக் கீழே போனால் இலைத் திசு சேதமாகிக் கறுக்கும். வீட்டு ஃப்ரிட்ஜ் 4 டிகிரி சுமாருக்கு இருக்கும், அதனால்தான் மறுநாளே கருந்திட்டு. கடையிலும் குளிர்ப்பெட்டியின் பின்சுவரை ஒட்டி வைத்த பேசிலை எடுக்காதீர்கள். காம்பு தண்ணீரில் நிற்க வெளியே வைத்திருப்பதை எடுங்கள். வீட்டிலும் அப்படியே, வெயில் படாத இடத்தில் டம்ளரில். நுனியில் பூமொட்டு கூம்பியிருந்தால் இலையில் கசப்பு எட்டிப்பார்க்கும்.

புதினா கறுப்பதற்குப் பெரிய காரணம் நசுங்கல். நசுங்கிய இடத்தில் காற்றுப் பட்டதும் நிறம் மாறும். இறுக்கக் கட்டியதைவிடத் தளர்வான கட்டு மேல், கொஞ்சம் சின்னதாக இருந்தாலும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, கட்டை அவிழ்ப்பது.

ரோஸ்மேரி, தைம் இரண்டும் மரக்காம்பு வகை, சோதனையும் வேறு. ஒரு கொத்தைப் பிடித்து லேசாக உதறுங்கள். இலை கொட்டினால் காய்ந்துவிட்டது. நுனி கறுத்திருந்தால் ஈரத்தில் கிடந்தது.

டப்பாவைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கம் பார்க்காமல் வாங்கவே வேண்டாம். மேலே அழகான இலை, கீழே கறுத்த இலை என்பது டப்பாவின் குணம். உள்ளே ஆவி படிந்து துளித்துளியாக நின்றால் குளிரிலிருந்து வெளியே எடுத்துத் திரும்ப உள்ளே வைத்திருக்க வாய்ப்பு உண்டு.

அடுப்படி:
வந்ததும் கழுவியே வைத்துவிடலாமா? அப்புறம், பார்ஸ்லியும் கொத்தமல்லியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் குழம்புகிறது.

மண்வாசம்:
பார்ஸ்லி இலைப் பல் கூர்மையாக இருக்கும், கொத்தமல்லிக்கு உருண்டை. சந்தேகமென்றால் ஓர் இலையைக் கசக்கி மோந்து பாருங்கள், தீர்ந்தது.

கழுவி ஈரத்தோடு வைத்தால்தான் கெடும். உடனே கழுவுவதென்றால் அகலப் பாத்திரத்து நீரில் அலசி, தழையை மட்டும் மேலே தூக்குங்கள். நீரோடு வடிகட்டியில் கொட்டினால் அடியில் தங்கிய மண் திரும்ப இலை மேலேயே விழும். அடியில் மண் படிவது நிற்கும் வரை இரண்டு மூன்று முறை. பிறகு துணியில் பரப்பி நன்றாக உலர்த்த வேண்டும். அதற்கு நேரமில்லையென்றால் கழுவாமல் வைத்து, எடுக்கும்போது கழுவுவது மேல்.

கொத்தமல்லி, பார்ஸ்லி, புதினா மூன்றுக்கும்: மஞ்சள் இலையைப் பொறுக்கிவிட்டு, பாட்டிலில் 2–3 செ.மீ. நீர், காம்பு மட்டும் நீரில், மேலே பிளாஸ்டிக் பையைத் தொளதொளவென்று கவிழ்த்து ஃப்ரிட்ஜில். இரண்டு நாளுக்கொருமுறை நீர் மாற்றினால் ஒரு வாரம் தாராளம். பக்கத்தில் ஆப்பிளும் பழுத்த வாழைப்பழமும் வேண்டாம். அவை விடும் எத்திலீன் வாயு தழையைச் சீக்கிரம் மஞ்சளாக்கும்.

தொட்டிச் செடி பற்றி யாரும் சொல்லவில்லை. தொட்டி பேசில் பெரும்பாலும் ஒரே செடியல்ல, நெருக்கி விதைத்த பல நாற்றுகள். அப்படியே விட்டால் ஒன்றையொன்று நெருக்கி, அடியிலை மஞ்சளித்து, கொஞ்ச நாளில் சாயும். மண்ணோடு நாலாகப் பிரித்து நடுங்கள். பறிக்கும்போது இலையை மட்டும் கிள்ளாமல், ஒரு ஜோடி இலைக்கு மேலே காம்போடு வெட்டுங்கள், அங்கிருந்து இரண்டு கிளை வரும். வாங்கும்போது தொட்டியின் அடித்துளையைப் பாருங்கள்: பழுப்பு வேர் நெருக்கியடித்து வெளியே வந்திருந்தால் வேறு தொட்டி எடுங்கள்.

பச்சைக்காம்பு:
ஒரு திருத்தம். வேர் வெட்டிய கொத்தமல்லியை ஒதுக்க வேண்டும் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெட்டுவாய் ஈரமாக இருந்தால் அதுவும் நல்ல கட்டுதான், மண்ணும் குறைவு. பெரிய கட்டுதான் கிடைக்கிறது, பாதி போதும் என்றால் மீதியைப் பொடியாக நறுக்கி, ஐஸ் ட்ரேயில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி உறைய வையுங்கள். எண்ணெயில் போட்ட பச்சைத் தழையை வெளியே மட்டும் வைக்காதீர்கள், காற்றில்லாத இடத்தில் வளரும் நச்சுக்கிருமிக்கு அது தோது. ஃப்ரீசரிலிருந்து கட்டியை எடுத்து அப்படியே சூடான சட்டியில் போட்டுவிடலாம்.