மார்செல் அலை: இரண்டாவது பகுதியில் மேடு பொருந்தவில்லை, உதவி வேண்டும்

முடி அலங்காரக் கலைஞர்களுக்கு வணக்கம். மார்செல் என்ற பெயரைச் சொன்னால், நமக்கு நினைவு வருவது 1920களின் அலைக்கூந்தல்தான். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் இதை உருவாக்கியவர் மார்செல் கிராத்தோ. விரல் அலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஈரமுடியில், இது உலர்ந்த முடியில் சூடான இடுக்கியால் போடுவது.

செய்துவரும் முறை இது. இடுக்கியின் ஒரு கை உருண்டைக் கம்பி, மறு கை குழி. சூட்டை வெள்ளைத் தாளில் சோதித்து, தாள் பழுப்பு நிறமானால் ஆறவிடுகிறோம். 2 அங்குல அகல முடியை எடுத்து, குழி மேலே இருக்கும்படி நுழைத்து மூடி, கால் சுற்றுத் திருப்பும்போதே இடுக்கியை இடப்பக்கம் கால் அங்குலம் இழுக்கிறோம், சீப்பு முடியை வலப்பக்கம் தள்ளுகிறது. அடுத்த மேட்டுக்குத் திசைகள் மாறும்.

முதல் பகுதி அழகாக விழுகிறது. பக்கத்துப் பகுதியில்தான் சிக்கல்: முதல் அலையின் சில இழைகளை வழிகாட்டியாகச் சேர்த்தெடுத்தும், காதுக்குப் பின்னால் மேடு உடைந்து படிக்கட்டுபோல் நிற்கிறது. தலை அங்கே வளைவதால் முடியை இழுக்கும் கோணம் மாறுவதே காரணம் என்று தோன்றுகிறது.

அந்த இடத்தில் பகுதியின் அகலத்தைக் குறைப்பீர்களா, இல்லை வகிட்டைச் சாய்த்து எடுப்பீர்களா? அடர்ந்த, நேரான முடிக்கு எந்தக் கம்பி அளவு சரிவரும்? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.